பதினைந்து நாள் வயதான லேப்டாப்பை வாங்கலாமா?

அண்ணன் மகளுக்குக் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டது. கல்லூரி திறக்க இன்னும் இருபது நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காயும் முன்பே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அத்தை, இந்த மாடல் வந்து பதினைஞ்சு நாள்தான் ஆகுது. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா மூடி பையில வெச்சா உள்ளேயே சூடாகுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. சில பேருக்கு ஹிஞ்ச் பக்கத்துல விரிசல் விட்டிருக்காம். வாங்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

விலை 74,990 ரூபாய். அண்ணன் சீட்டு எடுத்துச் சேர்த்த பணம். ஒரு முறை போட்டால் நான்கு வருஷம் ஓட வேண்டும். இந்தக் கேள்வி வருஷா வருஷம் ஜூன், ஜூலையில் எத்தனையோ வீடுகளில் எழுகிறது. "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று ஒருவர் சொல்வார். "புது மாடலையே தொடாதே" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சையும் நம்பிப் பணத்தைப் போடக் கூடாது. முதலில் சொல்லப்படும் குறை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

அவள் சொன்ன இரண்டு குறைகளையே எடுத்துக்கொள்வோம். இப்போது வரும் பல லேப்டாப்கள் மூடிய பிறகும் முழுதாகத் தூங்குவதில்லை. செல்போன் மாதிரி அரைத் தூக்கத்தில் கிடந்து, வைஃபையில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு பாகத்தை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒழுங்காக எழுதப்படாமல் போனால், அந்த அரைத் தூக்கம் கலைந்து கலைந்து பைக்குள்ளேயே சூடேறும், சார்ஜும் வடிந்துவிடும். பெரும்பாலும் இது மென்பொருள் கோளாறு. நிறுவனம் மனம் வைத்தால், லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு ஒரு அப்டேட் கொடுத்தாலே தீர்ந்துவிடும்.

ஹிஞ்ச் அப்படியில்லை. திரையைத் தாங்கும் அந்தக் கீலின் திருகுகள், பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளில்தான் பல மாடல்களில் இறங்குகின்றன. கீல் இறுக்கமாகவும் பிளாஸ்டிக் மெல்லியதாகவும் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நட்டு தன் குழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்படும். ஒரு நாள் டொக்கென்று ஒரு சத்தம் வரும், ஓரத்தில் வாய் பிளந்துவிடும். அதை எந்த அப்டேட்டும் ஒட்டவைக்காது.

இந்த வித்தியாசத்துக்கு ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு உதாரணம் காட்டலாம். 2018 ஜூலையில் ஆப்பிளின் 15 அங்குல மேக்புக் ப்ரோ வந்தபோது, அதிலிருந்த ஐ9 பிராசஸர் சூடு தாங்காமல் வேகம் குறைகிறது என்று பெரிய சத்தம் எழுந்தது. இரண்டு வாரத்துக்குள் ஆப்பிள் பிழையை ஒப்புக்கொண்டு அப்டேட் கொடுத்தது. பிரச்சினை அத்தோடு பெருமளவு அடங்கியது. அதே நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த பட்டர்ஃபிளை கீபோர்டின் கதை வேறு. ஒரு தூசி நுழைந்தாலே எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். வடிவமைப்பைத் திருத்தித் திருத்திப் பார்த்தார்கள். 2018-ல் இலவசமாகப் பழுது பார்க்கும் திட்டம் அறிவித்தார்கள். கடைசியில் 2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய முறைக் கீபோர்டுக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் இது வழக்காகி, 2022-ல் 5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து முடித்துக்கொண்டார்கள். முதல் குறைக்குப் பயந்து வாங்காமல் விட்டவர் அவசரப்பட்டவர். இரண்டாவது குறையை "அப்டேட்ல சரியாயிடும்" என்று நம்பி வாங்கியவர் ஏமாந்தவர்.

அப்டேட் வந்துவிட்டது என்பதாலேயே குறை தீர்ந்துவிட்டதாகவும் ஆகாது. 2008-ல் என்விடியா, தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் பயன்படுத்திய பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, சிப்பின் இணைப்புகள் விட்டுப்போயின. அந்தச் சிப் இருந்த லேப்டாப்களுக்கு டெல் முதலிய நிறுவனங்கள் முதலில் தந்தது பயாஸ் அப்டேட். அது செய்த வேலை ஃபேனை அதிக நேரம் ஓட விட்டது, அவ்வளவுதான். சிப் அதே சிப்தான். பிறகு வாரன்டி காலத்தை நீட்டிக்க வேண்டிவந்தது. ஆகவே அப்டேட் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், அதைப் போட்ட பிறகு ஃபேன் ஓயாமல் கத்துகிறதா, வேகம் குறைந்துவிட்டதா, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதா என்றும் விசாரியுங்கள்.

நேர்மாறாக, செய்தியில் பயங்கரமாகத் தெரியும் குறை உங்களைத் தொடாமலேயும் போகலாம். 2011 ஜனவரியில் இன்டெல் தன் புதிய சாண்டி பிரிட்ஜ் வரிசைக்கான சிப்செட்டில் பிழை கண்டுபிடித்து அனுப்புவதை நிறுத்தியது. பழுது நீக்க 70 கோடி டாலர் ஆகும் என்று அறிவித்தது. ஆனால் ஹார்டு டிஸ்க் சொருகும் ஆறு போர்ட்களில் நான்கில்தான் அந்தப் பிழை. முதல் இரண்டை மட்டும் பயன்படுத்திய லேப்டாப்களுக்கு ஆபத்தில்லை. குறை எந்தப் பாகத்தில், அந்தப் பாகம் நீங்கள் வாங்கப்போகும் வகையில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பயம் தெளிந்துவிடும்.

புகார்களைப் படிக்கவும் ஒரு முறை வேண்டும். நன்றாக ஓடுகிறவர்கள் வாய் திறப்பதில்லை, பழுதானவர்தான் எழுதுவார். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கடையில் வாங்கியவர்கள் ஒரே பாகத்தை, ஒரே அடையாளத்தோடு சொல்கிறார்களா என்று பாருங்கள். பத்துப் பேர் பத்து விதமாகப் புலம்பினால் அது உற்பத்தியில் சகஜமாக வரும் தவறு. பத்துப் பேரும் "வலது ஹிஞ்ச், நாலாவது வாரம்" என்றால் அது வடிவமைப்பு. இன்னொன்று, நிறுவனம் என்ன பதில் சொல்கிறது? "தெரியும், இந்தத் தேதிக்குள் சரிசெய்கிறோம்" என்று எழுத்தில் சொன்ன நிறுவனத்தை நான் பாதியாவது நம்புவேன். மௌனமாக இருப்பதை நம்பமாட்டேன். வெளியான வாரத்தில் வரும் விமர்சன வீடியோக்களில் பல, நிறுவனமே அனுப்பிவைத்த பெட்டியை வைத்துச் சில நாளில் எடுத்தவை. ஹிஞ்ச் விரிசல் அதில் எப்படித் தெரியும்?

பேட்டரி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். உப்புகிறது, புகைகிறது என்று இரண்டு மூன்று புகார் வந்தாலே அந்த மாடலை விட்டு விலகிவிடுங்கள். 2006-ல் சோனி தயாரித்த பேட்டரி செல்களுக்குள் உலோகத் துகள் கலந்துவிட்டதால், டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2019-ல் பேட்டரிக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட 2015-ஆம் ஆண்டு மாடல் மேக்புக் ப்ரோவை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே பயணிகளுக்குச் சொன்னது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் லேப்டாப்பின் அடிப்பக்கம் மேடாகியிருந்தாலோ, டச்பேட் மேலெழுந்திருந்தாலோ சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள். அணைத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுச் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, குறையை எடைபோட்டாயிற்று. அடுத்து, கோளாறு வந்தால் அந்தச் சுமை யார் தலையில் விழும்? இதில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன் நான் வாங்கியதும் சந்தைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத மாடல்தான். ஏழாம் மாதம் வலது ஹிஞ்ச் ஓரம் பிளந்தது. கீழே விழவில்லை, எங்கும் இடிக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கவுன்ட்டரில் இருந்த பையன் மரியாதையாகப் பேசினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு ஜாப் ஷீட் அச்சாகி வந்தது. "இங்க ஒரு கையெழுத்து மேடம்." போட்டேன். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் "பிசிக்கல் டேமேஜ்" என்ற இரண்டு சொற்களைப் பார்த்தேன். மறுநாள் போன் வந்தது: வாரன்டியில் வராது, 11,800 ரூபாய் ஆகும். அடுத்த ஆறு வாரம் நான் எந்த மின்னஞ்சல் அனுப்பினாலும் என் கையெழுத்தையே எனக்குத் திருப்பிக் காட்டினார்கள். நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு பாகத்தின் விலையை நிறுவனம் ஏற்றது. கூலியை நான் கட்டினேன். முழு நியாயம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். அந்த இரண்டு சொற்களைக் கவுன்ட்டரிலேயே படித்திருந்தால் அந்தக் கூலியும் மிஞ்சியிருக்கும்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் முன்பே நான்கு ஓரங்களையும் அவர்கள் கண் முன்னால் படம் எடுங்கள். "விழுந்த அடையாளம் இல்லை, திறக்கும்போது விரிசல் விட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "இந்தக் குறிப்பை ஏற்கவில்லை" என்று தமிழிலேயே எழுதித் தேதி போடுங்கள். ஒரு நகலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் ஜாப் ஷீட் வாங்குங்கள். "சும்மா பார்த்துத் தர்றோம், ஷீட் எதுக்கு" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே குறைக்கு மூன்று முறை போனீர்கள் என்பதற்கு அந்த மூன்று தாள்தான் சாட்சி.

சட்டம் வாங்குபவரின் பக்கம் ஓரளவு நன்றாகவே நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தில் குறைந்தாலும் சரி, விற்பவர் சொன்ன தரத்தில் குறைந்தாலும் சரி, அது குறைபாடு. ஆகவே விளம்பரத்தில் என்ன சொன்னார்களோ அதைப் படம் எடுத்து வையுங்கள். மாடல் பக்கத்தில் இருந்த வாசகம் மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பில் தர மறுப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ஆன்லைனில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தனியாக உண்டு. பொருள் பழுதானதாகவோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், பல தளங்களில் "ஏழு நாள் ரீபிளேஸ்மென்ட் மட்டும்" என்று இருக்கும். அதிலும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிடம் டிஓஏ சான்று வாங்கி வரச் சொல்வார்கள். வாங்கிய சில நாளுக்குள்ளேயே பழுது என்று அவர்கள் எழுதித் தரும் தாள் அது. சர்வீஸ் ஆள் வருவதற்குள் ஏழு நாள் ஓடிவிடும். ஓட விடாதீர்கள். குறை தெரிந்த அன்றே தளத்தில் பதிந்து புகார் எண் வாங்கிவிட்டால், ஆள் வருவது தாமதமானாலும் நீங்கள் காலத்துக்குள் சொன்னதற்கு ஆதாரம் இருக்கும்.

கடையும் நிறுவனமும் அசையாவிட்டால் எங்கே போவது? முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், செலவில்லை. அவர்கள் நீதிமன்றம் இல்லை, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பெரும் நிறுவனங்கள் பலவற்றோடு அவர்களுக்கு நேரடித் தொடர்பு இருப்பதால், கஸ்டமர் கேரில் அசையாதது இங்கே சில சமயம் அசையும். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆணையம் பழுதை நீக்கச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடும் விதிக்கலாம். பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், அதன் கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். சட்டம் சொல்லும் காலக்கெடு மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம். அதற்குள் முடியும் என்று நம்பிக் கடன் வாங்கி இன்னொரு லேப்டாப் எடுக்காதீர்கள், இழுக்கும்.

"குறை இருக்குன்னு செய்தியில படிச்ச பிறகும்தானே வாங்கினீங்க?" என்று கடைக்காரர் மடக்கலாம். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில், வாங்குபவர் சோதித்துப் பார்த்த பொருளில் அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னால் உரிமை கேட்க முடியாது என்று ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் ஒரு மாடலைப் பற்றிப் பொதுவாகப் படித்ததும், உங்கள் கையில் வந்த பெட்டியைச் சோதித்ததும் ஒன்றாகாது என்றே நான் வாதாடுவேன். வாரன்டி அட்டையிலும் "செய்தி படித்தவர்களுக்குப் பொருந்தாது" என்று எழுதியில்லை. ஆனால் "ஓப்பன் பாக்ஸ்", "டிஸ்பிளே பீஸ்" என்று குறையைச் சொல்லியே விலை குறைத்துத் தந்திருந்தால், சொன்ன அந்தக் குறைக்காகச் சண்டை போடுவது கடினம்.

பில் யார் பெயரில் என்பதையும் பாருங்கள். ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று மாமாவின் கம்பெனி பெயரில் பில் போடுகிறவர்கள் உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவருக்குத்தான் விலக்கு. ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதமே அதுவாக இருக்கும். படிக்கும் பிள்ளைக்கு வாங்கினால் பிள்ளை பெயரிலோ பெற்றோர் பெயரிலோ போடுங்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரவழைக்கும் முன், அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல மாடல்களுக்குச் செல்லாது.

வாங்குவது என்று முடிவானால், முதல் வாரம் முழுக்க அந்த லேப்டாப்புக்குப் பரீட்சை வையுங்கள். பத்திரமாக உறையில் போட்டுக் கல்லூரி திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உறைக்குள் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்துவிடும். திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுப் படம் போட்டுப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். விண்டோஸே தரும் பேட்டரி ரிப்போர்ட்டில், வடிவமைத்த கொள்ளளவும் இப்போது ஏறும் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புதுசில் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. இரவு மூடிவைத்துக் காலையில் சார்ஜ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். ஒரு மணி நேரம் வீடியோ காலும் வேலையுமாக ஓட விட்டு, மடியில் வைத்தால் தாங்குகிறதா பாருங்கள். எல்லா யுஎஸ்பியிலும் எதையாவது சொருகுங்கள். வாரன்டி தேதியையும் நிறுவனத்தின் தளத்தில் சீரியல் நம்பர் போட்டுப் பாருங்கள். சில சமயம் கிடங்கிலிருந்து கிளம்பிய நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்திருப்பார்கள். பில்லை அனுப்பினால் திருத்துவார்கள்.

அண்ணன் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு நாள் யோசித்தாள். முதல் செமஸ்டரில் லேபில் கம்ப்யூட்டர் இருக்கும், லேப்டாப் உடனே வேண்டியதில்லை என்று சீனியர் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். காத்திருந்தாள். ஆகஸ்டில் அந்த மாடலுக்கு பயாஸ் அப்டேட் வந்து, பைக்குள் சூடாகும் புகார் கிட்டத்தட்ட ஓய்ந்தது. ஹிஞ்ச் புகார் மட்டும் ஓயவில்லை, "மூன்றாவது மாதம்" என்று புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை ரிச்சி தெருவில் ஒரு கடையில், அதே நிறுவனத்தின் முந்தைய வருஷ மாடலை 61,500-க்குப் பேசி முடித்தோம். அண்ணன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சீலை உடைக்கட்டுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு நிமிஷம்ணா" என்று போனை எடுத்து வீடியோவை ஓட விட்டாள். அவர் பெட்டியை அவள் பக்கமாகத் திருப்பி, சீரியல் நம்பர் தெரியும்படி பிடித்துக்கொண்டார்.